டெக்னிகலர்: கறுப்பு வெள்ளையில் பிடித்த வண்ணப்படம்

ஹாலிவுட்டின் பொற்காலத்து டெக்னிகலர் கேமராவுக்குள் ஓடியவை மூன்று கறுப்பு வெள்ளை ஃபிலிம் சுருள்கள். ‘கான் வித் த விண்ட்’ படத்தின் செக்கர் வானம், ‘ராபின் ஹூட்’ படத்தில் எரோல் ஃபிளினின் பச்சை உடை, ‘சிங்கின் இன் த ரெயின்’ தொடங்கும்போது மூவர் போட்டுவரும் மஞ்சள் மழைக்கோட்டு எல்லாமே படப்பிடிப்பில் சாம்பல் சாயல்களாகத்தான் பதிவாயின. நிறம் ஏறியது பிறகு, ஆய்வகத்தின் அச்சுப் பட்டறையில்.

பழைய டெக்னிகலரை ரசிப்பவர்கள் பொதுவாக “அந்தக் காலத்து ஆட்களுக்கு அடிக்கிற நிறம் பிடிக்கும்” என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அது பாதி உண்மை. அந்த நிறத்தின் அடர்த்தி, நிழலின் கருமை, முகத்தின் வழவழப்பு, பின்புலத்தின் ஒழுங்கு ஆகியவற்றில் பெரும்பகுதி அந்தக் கேமராவும் சாயத் தொட்டியும் போட்ட நிபந்தனைகளிலிருந்து வந்தது. முழுநீளப் படங்களில் இந்த மூன்று சுருள் முறை 1935இல் ‘பெக்கி ஷார்ப்’ படத்தோடு தொடங்கியது. அமெரிக்காவில் 1955இல் வந்த ‘ஃபாக்ஸ்ஃபயர்’ படத்தோடு முடிந்தது. இருபது ஆண்டுகள்தான்.

அதற்கு முந்தைய கதை தோல்விகளின் வரிசை. 1915இல் ஹெர்பர்ட் கால்மஸும் கூட்டாளிகளும் தொடங்கிய டெக்னிகலர் நிறுவனம் முதலில் சிவப்பு, பச்சை என்ற இரண்டே நிறங்களை வைத்து வேலை செய்தது. 1917இல் வந்த ‘த கல்ஃப் பிட்வீன்’ படத்துக்குத் தனி புரொஜக்டர் தேவைப்பட்டது. இரண்டு பிம்பங்களும் திரையில் பிசகாமல் பொருந்த வேண்டும். ஆபரேட்டரின் கவனம் கொஞ்சம் நழுவினாலும் எல்லா உருவத்துக்கும் சிவப்பு, பச்சை விளிம்பு முளைத்துவிடும். 1922இல் வேறு வழி பார்த்தார்கள். இரண்டு மெல்லிய பிரிண்டுகளை முதுகோடு முதுகு ஒட்டி ஒன்றாக்கினார்கள். புரொஜக்டர் விளக்கின் சூட்டில் ஒட்டிய ஃபிலிம் ஒரு பக்கம் குழிந்தது. சிறிது நேரத்தில் மறுபக்கம் குழிந்தது. ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் போயிற்று. இரண்டு பக்கமும் எமல்ஷன் (பிம்பம் பதியும் ஜெலட்டின் பூச்சு) இருந்ததால் கீறலும் இரட்டிப்பு. ஒட்டுவதை விட்டுவிட்டு ஒரே ஃபிலிமின் மேல் சாயத்தை அச்சிடும் முறைக்கு 1928இல் வந்து சேர்ந்தார்கள். அப்போதும் நிறம் இரண்டுதான். உருப்படியான நீலம் கிடையாது. மூன்றாவது நிறம் 1932இல் வந்தது. அதை முதலில் துணிந்து எடுத்துக்கொண்டவர் வால்ட் டிஸ்னி. ‘ஃபிளவர்ஸ் அண்ட் ட்ரீஸ்’ என்ற குறுங்கார்ட்டூன் ஆஸ்கர் வாங்கியது. கார்ட்டூனில் நடிகரின் தோல் நிறம் பற்றிய கவலையும் இல்லை, செட்டுக்கு வெளிச்சம் போதுமா என்ற கவலையும் இல்லை. உண்மையான சோதனை, ஆள் நடிக்கும் படத்தில்தான் காத்திருந்தது.

கேமராவுக்குள் நடந்ததைப் பார்ப்போம். லென்ஸுக்குப் பின்னால் இரண்டு கண்ணாடி முப்பட்டகங்களை ஒட்டி ஒரு கனசதுரமாக்கி வைத்திருந்தார்கள். ஒட்டிய முகத்தில் மெல்லிய தங்கப் பூச்சு. பிற்காலக் கேமராக்களில் வெள்ளிப் பூச்சு. உள்ளே வரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேராக ஊடுருவி, பச்சை வடிகட்டி வழியாக முதல் சுருளில் விழும். மீதி ஒளி 90 பாகை திரும்பி, மெஜந்தா (சிவப்பும் நீலமும் கலந்த நிறம்) வடிகட்டி வழியாக, ஃபிலிம் ஓடும் இன்னொரு வாசலுக்குப் போகும். அங்கே இரண்டு சுருள்கள் எமல்ஷன் பக்கம் ஒன்றையொன்று தொட்டபடி சேர்ந்து ஓடும். முன்னால் இருக்கும் ஃபிலிம் நீலத்துக்கு மட்டுமே மசியும். அதன் மேற்பரப்பில் செம்மஞ்சள் சாயப்படலம் ஒன்று உண்டு. அந்தப் படலத்தைக் கடந்துபோகும் சிவப்பு ஒளி பின்னால் இருக்கும் ஃபிலிமில் பதியும். ஆக நீலம், பச்சை, சிவப்பு மூன்றுக்கும் தனித்தனி நெகட்டிவ்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் சிவப்புச் சுருள். ஒளி இன்னொரு ஃபிலிமின் எமல்ஷனையும் படலத்தையும் கடந்து வருவதால் வழியில் சிதறும். சிவப்புப் பதிவு எப்போதும் கொஞ்சம் மழுங்கலாகவே இருக்கும். மனிதத் தோலிலிருந்து வரும் ஒளியில் சிவப்புதான் அதிகம். டெக்னிகலர் முகங்களின் வழவழப்பை ஒப்பனைக்காரரின் கைவண்ணம் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு தொல்லை லென்ஸ். லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே முப்பட்டகம் உட்கார்ந்திருப்பதால் அகலக்கோண லென்ஸுகளை அருகே கொண்டுபோக முடியாது. இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் நிறுவனம் தலைகீழ் டெலிஃபோட்டோ (ஃபிலிமிலிருந்து தள்ளியே நிற்கக்கூடிய) அமைப்பில் தனி லென்ஸுகளைச் செய்து கொடுத்த பிறகுதான் அகலமான காட்சிகள் கைகூடின. எடையோ கேட்க வேண்டாம். மூன்று சுருள் பெட்டிகள், மோட்டார், சத்தம் வெளியே கேட்காமலிருக்கப் போடும் உறை எல்லாம் சேர்த்து 200 கிலோவை ஒட்டி வரும். கிரேனில் ஏற்றுவதே ஒரு நாள் வேலை என்று அலுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய பெட்டி. 1,000 அடிச் சுருள் பதினொரு நிமிடம் ஓடும். ஆனால் ஒவ்வொரு நிமிடமும் 90 அடிக்குப் பதில் 270 அடி ஃபிலிம் தீரும். மூன்றில் ஒன்று சிக்கினாலும் அந்த டேக் வீண்.

ஒளியை இப்படி மூன்றாகப் பங்கிட்டு, வடிகட்டி வேறு போட்டால் மிஞ்சுவது எவ்வளவு? இன்றைய கணக்கில் ஆரம்ப கால டெக்னிகலரின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஏஎஸ்ஏ என்ற அளவையில் 5தான் வரும். ஏஎஸ்ஏ 100 ஃபிலிமுக்குப் போதுமான ஒளியைப்போல் இருபது மடங்கு கொட்ட வேண்டும். அதுவும் பகல் ஒளியின் நிறத்தில் இருக்க வேண்டும் என்பதால் சாதாரண ஸ்டுடியோ பல்புகள் உதவாது. கார்பன் ஆர்க் விளக்குகள்தான். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே மின்சாரம் தாவும்போது வரும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் அது. குச்சி எரிந்து குறையும். அவ்வப்போது மாற்ற வேண்டும். ரீங்காரம் போடும், புகையும் விடும். ‘த விசார்ட் ஆஃப் ஆஸ்’ செட்டில் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அதற்குள் சிங்கத் தோல் போர்த்திக்கொண்டு பெர்ட் லார் நடித்தார்.

1939இல் புதிய, கூடுதல் வேகமுள்ள ஃபிலிம் வந்தது. ‘கான் வித் த விண்ட்’ படத்தில் அதைப் பயன்படுத்தியதால்தான் விளக்கொளிக் காட்சிகளில் அந்த நிழல்கள் கிடைத்தன. அந்த ஆண்டு ஒளிப்பதிவு ஆஸ்கரை வண்ணத்துக்கெனத் தனியாகப் பிரித்தபோது, எர்னஸ்ட் ஹாலரும் ரே ரெனஹனும் இந்தப் படத்துக்காக வாங்கினார்கள். ரெனஹன் டெக்னிகலர் நிறுவனத்தின் ஆள். ஒரு படத்துக்கு இரண்டு ஒளிப்பதிவாளர்கள் ஏன் என்ற கேள்வி அடுத்து வரும்.

கேமராவை யாருக்கும் விற்கமாட்டார்கள். வாடகைக்குத்தான் கிடைக்கும். வாடகைக்கு எடுத்தால் கூடவே நிறுவனத்தின் ஒளிப்பதிவாளர், நிற ஆலோசகர், நிறுவனத்தின் ஆய்வகம் மூன்றையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். இதனால்தான் முப்பதுகளின் டெக்னிகலர் படங்களில் ஸ்டுடியோவின் ஒளிப்பதிவாளர் பெயரோடு இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். நிற ஆலோசகராக ஏறக்குறைய எல்லாப் படத்திலும் வரும் பெயர் நாடலி கால்மஸ், ஹெர்பர்ட்டின் முன்னாள் மனைவி. 1949 வரை அந்தப் பெயர் தொடர்கிறது. திரைக்கதையை வாங்கிக் காட்சிவாரியாக நிறப் பட்டியல் தயாரிப்பது அவர் துறையின் வேலை: எந்தக் காட்சிக்கு எந்த உடை நிறம், அதற்குப் பின்சுவர் எது, கதாநாயகிக்கு அருகில் எந்த நிறம் வரக்கூடாது என்றெல்லாம். அவர் கொள்கை அடக்கம். அழுத்தமான நிறத்தைச் சும்மா இறைக்காதே, முக்கியமான ஆளுக்காகச் சேமித்து வை என்பதே சாரம். தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக், இயக்குநர் வின்சென்ட் மினெல்லி இருவருமே அவரோடு மல்லுக்கட்டியவர்கள். அதனால் நாடலியைக் குறுக்கே நிற்கும் அதிகாரியாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது முழு நியாயமில்லை. 1929, 1930இல் இரண்டு நிறப் படங்களை ஸ்டுடியோக்கள் அவசர அவசரமாகக் கொட்டிக் குவித்ததும், பார்வையாளர்கள் சலித்துப்போய் வண்ணச் சந்தையே சரிந்ததும் அந்த நிறுவனத்துக்கு மறக்கவில்லை. மோசமாகப் பயன்படுத்தினால் தன் பெயர்தான் கெடும் என்று பயந்தவர்கள் அவர்கள்.

வெள்ளை ஒரு பெரிய எதிரி. ஆயிரக்கணக்கான வாட் ஆர்க் வெளிச்சத்தில் சலவை வெள்ளைச் சட்டை நெகட்டிவில் கருப்பாக வெந்துபோகும். திரையில் விளிம்பில்லாத வெளிச்சத் திட்டாக நிற்கும். எனவே வெள்ளையாகத் தெரிய வேண்டிய துணியை வெளிர் சாம்பலோ தேநீர் நிறமோ ஏற்றித்தான் உடுத்துவார்கள். பழைய எண்ணெய்ப் பசை ஒப்பனையும் கைவிட்டது: அதன் பளபளப்பு பக்கத்து உடையின் நிறத்தை வாங்கிக் கன்னத்தில் காட்டும். பச்சைத் திரைக்கு அருகில் நின்றால் முகம் பச்சை. மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் ஈரப் பஞ்சில் தொட்டுப் பூசும் பளபளப்பில்லாத பான்கேக் ஒப்பனையைக் கொண்டுவந்தது இதற்காகவே. 1937இல் வெளியான ‘வோக்ஸ் ஆஃப் 1938’ படத்தில் அது அறிமுகமானது. சீக்கிரமே கடைகளில் பெண்கள் வாங்கும் பொருளாகவும் ஆனது.

‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் ஒரு ஷாட்டை மட்டும் நிறுத்திப் பார்த்தால் இத்தனை நிபந்தனைகளுக்குள் எப்படி விளையாடினார்கள் என்பது புரியும். சூறாவளியில் பறந்து வந்து விழுந்த வீட்டின் கதவை டோரதி திறக்கிறாள். வீட்டுக்குள் பழுப்பு, வெளியே முழு வண்ணம், இரண்டும் ஒரே ஷாட்டில். கான்சாஸ் காட்சிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பழுப்பில் பிரிண்ட் போட்டார்கள். ஆனால் இந்த ஷாட் முழுக்க டெக்னிகலர். வீட்டின் உட்சுவருக்கும் கதவுக்கும் பழுப்பு வண்ணம் அடித்தார்கள். டோரதியாக நடித்த ஜூடி கார்லண்டுக்குப் பதில் நிற்கும் பெண்ணுக்குப் பழுப்பு நிறத்தில் அதே கட்டம் போட்ட உடையைத் தைத்துப் போட்டார்கள். முதுகு மட்டுமே தெரியும் அந்தப் பெண் கதவைத் திறந்து ஓரம் ஒதுங்க, கேமரா வாசலை நோக்கி நகர, நீலக் கட்ட உடையில் ஜூடி சட்டகத்துக்குள் வருகிறார். ஆய்வகத் தந்திரம் எதுவும் இல்லை, பெயிண்ட் வேலைதான். மூலக்கதையில் வெள்ளி நிறமாக இருந்த டோரதியின் செருப்பு ரூபிச் சிவப்பானதும் இந்தப் படத்தில்தான். மஞ்சள் செங்கல் பாதையின் மேல் வெள்ளி எடுபடாது, சிவப்பு எடுபடும்.

படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் நிறம் பிறக்கும் வேலை தொடங்குகிறது. மறுநாள் இயக்குநர் பார்க்கும் ரஷ் கூடப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையே. நிறம் எப்படி வந்திருக்கிறது என்று காட்ட ஷாட்டுக்குச் சில சட்டகங்களை மட்டும் வண்ணத்தில் எடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு டேக்கோடும் ஒரு சாம்பல் அட்டையையும் படம்பிடித்து வைத்திருப்பார்கள். மூன்று நெகட்டிவிலும் அந்தச் சாம்பல் சமமாக வந்திருக்கிறதா என்று பார்த்தே ஆய்வகம் நிறத்தைச் சமன் செய்யும்.

அச்சிடும் முறை இது. மூன்று நெகட்டிவிலிருந்தும் மேட்ரிக்ஸ் என்ற தனி ஃபிலிமில் பிரிண்ட் எடுப்பார்கள். ஒளியை எமல்ஷன் பக்கமாக விடாமல் ஃபிலிமின் முதுகுப் பக்கமாக விடுவார்கள். டெவலப் செய்யும்போது ஒளி பட்ட அளவுக்கு ஜெலட்டின் இறுகும். வெந்நீரில் கழுவினால் இறுகாத ஜெலட்டின் கரைந்து ஓடிவிடும். முதுகுப் பக்கம் ஒளி விட்டதன் காரணம் இங்கே தெரியும்: இறுகிய ஜெலட்டின் அடித்தளத்தோடு ஒட்டியே நிற்கும். எமல்ஷன் பக்கம் விட்டிருந்தால் மேல்தோல் இறுகி, அடிப்பகுதி கரைந்து, பிம்பமே உரிந்து போயிருக்கும். மிஞ்சுவது ஜெலட்டினால் ஆன மேடுபள்ளப் படம். காட்சியில் இருண்ட இடம் மேடு, வெளிச்சமான இடம் பள்ளம்.

அந்த மேட்ரிக்ஸைச் சாயத் தொட்டியில் முக்குவார்கள். மேடான இடம் அதிகச் சாயம் குடிக்கும். சிவப்பு நெகட்டிவின் மேட்ரிக்ஸுக்கு சயான் (பச்சை கலந்த நீலம்), பச்சையினுடையதற்கு மெஜந்தா, நீலத்தினுடையதற்கு மஞ்சள். பிறகு வெற்று ஃபிலிமோடு சேர்த்து, ஊசிமுனைகள் கொண்ட நீண்ட உலோகப் பட்டையில் அழுத்தி ஓட்டும்போது சாயம் மேட்ரிக்ஸிலிருந்து இடம் மாறும். இப்படி மூன்று முறை. மூன்றும் மயிரிழை பிசகாமல் விழ வேண்டும். பிசகினால் சிவகாசி காலண்டரில் கலர் விலகி உதட்டுக்கு வெளியே சிவப்பு நிற்குமே, அதே கதைதான். 35 மில்லிமீட்டர் சட்டகம் திரையில் நூற்றுக்கணக்கான மடங்கு பெரிதாகும் என்பதால் இங்கே பிழைக்கு இடம் இன்னும் குறைவு.

ஆரம்ப காலத்தில் அந்த வெற்று ஃபிலிமும் முழு வெற்றாக இராது. பச்சை நெகட்டிவிலிருந்து எடுத்த மங்கலான கறுப்பு வெள்ளைப் பிம்பம் ஒன்றை அதில் முன்பே பதித்துவிடுவார்கள். மூன்றில் கூர்மையானது பச்சைதான். அந்தச் சாம்பல் பிம்பம் சிவப்பின் மழுங்கலையும் சிறு விலகல்களையும் மறைத்து, நிழலுக்குக் கனம் கொடுத்தது. சாயங்களும் அச்சும் மேம்பட்ட பின், 1940களின் நடுவில் அதைக் கைவிட்டார்கள். 1938இன் ‘ராபின் ஹூட்’ நிறத்தையும் 1952இன் ‘சிங்கின் இன் த ரெயின்’ நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முன்னதில் ஓவியத்தின் கனமும் பின்னதில் பளிச்சென்ற துலக்கமும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒலித்தடம் மட்டும் கடைசிவரை கறுப்பு வெள்ளை ஃபிலிமின் வெள்ளிப் பிம்பமாகவே இருந்தது.

இத்தனை கஷ்டத்துக்கும் முடிவு 1950இல் வந்தது. மூன்று நிறப் படலத்தையும் ஒரே ஃபிலிமில் அடுக்கிய ஈஸ்ட்மன் கலர் நெகட்டிவ் எந்தச் சாதாரண கேமராவிலும் ஓடியது. தனி கேமரா, தனி ஆள், முப்பட்டகம் எதுவும் வேண்டாம். அதே சமயம் டெக்னிகலரின் ஏகபோகத்தின் மேல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கும் சமரசத்தில் முடிந்தது. கேமராக்கள் ஓய்ந்தன, சாயத் தொட்டிகள் ஓயவில்லை. ஈஸ்ட்மன் நெகட்டிவிலிருந்தும் மூன்று மேட்ரிக்ஸ் எடுத்துச் சாய அச்சுப் போடலாம் அல்லவா? எனவே 1955க்குப் பிறகு டைட்டிலில் ‘டெக்னிகலர்’ என்று வந்தால் அது பிரிண்டைக் குறிக்கிறது, கேமராவை அல்ல. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) டெக்னிகலர் ஆனது இந்த அர்த்தத்தில்தான்: கேவா கலர் ஃபிலிமில் எடுத்து, லண்டன் டெக்னிகலர் ஆய்வகத்தில் பிரிண்ட் போட்டார்கள். ‘த காட்ஃபாதர்’ முதலிரண்டு பாகங்களின் பிரிண்டுகளும் சாய அச்சு. ஹாலிவுட் ஆய்வகம் எழுபதுகளின் நடுவில் இதை நிறுத்தியது. லண்டன் ஆய்வகம் 1978இல் நிறுத்தி இயந்திரங்களைச் சீனாவுக்கு விற்றது. சீன இயக்குநர் சாங் யீமோவின் ‘ஜூ டோ’ (1990) அந்தப் பட்டறையில் அச்சானது. கதை நடக்கும் இடம் ஒரு சாயப்பட்டறை என்பது வேடிக்கையான பொருத்தம்.

அந்தக் காலத்து ஈஸ்ட்மன் கலர் பிரிண்டுகள் இருட்டறையில் வைத்தாலும் சயான் வெளிறி, படமே ரோஸ் நிறமாகிவிடும். சாய அச்சுப் பிரிண்டுகள் எண்பது ஆண்டு கழித்தும் நிறம் மாறாமல் இருக்கின்றன. அதைவிட முக்கியம், மூல நெகட்டிவ்கள் வெள்ளிப் பிம்பங்கள். வெளிறுவதற்கு அதில் சாயமே கிடையாது. ஆனால் 1950 வரை அவை எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் ஃபிலிமில் இருந்தன. மூன்று சுருளும் ஆண்டுகள் போகப்போக வெவ்வேறு அளவில் சுருங்கும். சுருங்கியவற்றைப் பழைய இயந்திரத்தில் ஒன்றுசேர்த்தால் விளிம்பெல்லாம் நிற ஒழுகல். 2000க்குப் பிறகு வார்னர் நிறுவனம் மூன்று நெகட்டிவையும் தனித்தனியே ஸ்கேன் செய்து, கணினியில் சட்டகம் சட்டகமாக இழுத்துப் பொருத்தியது. ‘கான் வித் த விண்ட்’ ஏறத்தாழ 220 நிமிடம். நிமிடத்துக்கு 1,440 சட்டகம், அதைப்போல் மூன்று மடங்கு: ஒன்பதரை லட்சம் பிம்பங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கணினியின் பொருத்தம், அன்று எந்தத் திரையரங்கிலும் தெரிந்திராத கூர்மையைக் கொடுக்கிறது. மெல்லிய சாய ஒழுகலில் மறையும் என்று நம்பி விட்டுவைத்த ஒப்பனை ஓரங்கள் இப்போது துல்லியமாகத் தெரிகின்றன. ‘விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்து வைக்கோல் மனிதனின் முகமூடி கழுத்தோடு சேரும் இடத்தைப் பார்த்தால் போதும். அதை வேண்டுமென்றே மழுக்க வேண்டும் என்று சொல்லமுடியாது; ஆனால் புதிய பதிப்புதான் அசல் தோற்றம் என்று விளம்பரம் செய்வதை அப்படியே ஏற்கவும் முடியாது. சாய அச்சில் விளிம்புகள் கொஞ்சம் மென்மையாகவும் நிறம் புதிய பதிப்பைவிட அடர்த்தியாகவும் இருக்கும்.

எல்லா ஸ்டுடியோவும் மூலத்தைக் காப்பாற்றவும் இல்லை. எம்ஜிஎம் தன் நைட்ரேட் நெகட்டிவ்களை ரோச்செஸ்டரில் உள்ள ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தில் சேர்த்தது. டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எழுபதுகளில் தன் டெக்னிகலர் படங்களை ஈஸ்ட்மன் வண்ண ஃபிலிமில் பிரதி எடுத்துவிட்டு, மூன்று சுருள் மூலங்களைக் குப்பையில் போட்டது. பிரதிகள் வெளிறின. ஒளிப்பதிவுக்காக லியோன் ஷம்ராய் ஆஸ்கர் வாங்கிய ஃபாக்ஸின் ‘லீவ் ஹர் டு ஹெவன்’ (1945) படத்தை இன்று எவ்வளவு நல்ல டிஸ்க்கில் பார்த்தாலும், ஏரிக்கரைக் காட்சியில் ஜீன் டியர்னியின் உதட்டுச் சிவப்பும் பின்னால் தண்ணீரின் பச்சையும், அதே காலத்து எம்ஜிஎம் இசைப்படங்கள் அளவுக்கு அடர்த்தியாக நிற்பதில்லை. மீட்டெடுத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கையில் மூன்று நெகட்டிவ் இல்லை.